மணிக்கொரு துடிப்பு: ஆடு பருவத்துக்கு வருவதை மூளை தீர்மானிக்கும் விதம்

மழை பொய்த்த ஆண்டுகளில் இராமநாதபுரம் கடலோரத்தில் செம்மறி வைத்திருப்பவர்களிடம் பேசினால், வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டிப் பக்கமானாலும் சரி, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கமானாலும் சரி, ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: ஆடுகள் பயிராகவில்லை. கிடா மந்தையோடுதான் மேய்கிறது. பெட்டைகள் அதைச் சட்டை செய்வதில்லை. கிடாவின் வயதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு, கண்ணேறு என்பவர்கள் உண்டு. ஆனால் பெட்டை மலடாகிவிட்டது என்று முடிவுகட்டி, வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுபவர்கள்தான் அதிகம். என் தாய்மாமன் வீட்டுக் கிடையிலிருந்தும் நல்ல இளம் பெட்டைகள் அப்படிப் போயிருக்கின்றன. இன்னும் பல ஈற்றுக் கண்டிருக்க வேண்டிய ஆடு, ஒரு வறண்ட பருவத்தின் பேரில் கறிக்கடைக்குப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது. ஏனென்றால் அந்த ஆட்டின் கருப்பையிலோ சூலகத்திலோ பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. புரூசெல்லா போன்ற நோய்களால் வரும் கருச்சிதைவு வேறு. அதைக் கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது, நோயில்லாத ஆடு பருவத்துக்கு வராமல் நிற்பதைப் பற்றி. அது அந்த விலங்கின் மூளை எடுக்கும் முடிவு. அந்த முடிவை மூளை உடலுக்கு அறிவிக்கும் முறை, நான் விலங்கியலில் படித்தவற்றிலேயே மிகவும் வியப்பானது: ஒரு ஹார்மோனை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது என்பதில்தான் அந்தச் செய்தி இருக்கிறது, எவ்வளவு வெளியிடுகிறது என்பது அதற்கு அடுத்தபடிதான்.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை ஒட்டி, ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே, ஒரு காம்பினால் இணைக்கப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பி அமைந்திருக்கிறது. இனப்பெருக்கத்துக்குரிய இரண்டு ஹார்மோன்களைப் பிட்யூட்டரி இரத்தத்தில் விடுகிறது, அவற்றை எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். பெண் விலங்கில், சூலகத்தில் முட்டையைத் தாங்கியிருக்கும் நுண்பைகளை எஃப்.எஸ்.எச். வளர்க்கிறது, எல்.எச். அவற்றை முதிரச் செய்து, தான் உச்சத்துக்கு ஏறும் வேளையில் முட்டையை வெளியேற்றுகிறது. ஆண் விலங்கில், விதைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது எல்.எச்.சின் ஏவலால், விந்தணு உருவாவதற்கு எஃப்.எஸ்.எச். துணை நிற்கிறது. பிட்யூட்டரி இவற்றைத் தன் விருப்பப்படி செய்வதில்லை என்பதை 1940களிலும் 1950களிலும் நிலைநாட்டியவர் ஆங்கிலேய உடலியலாளர் ஜெஃப்ரி ஹாரிஸ். ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு நரம்புகள் வருவதில்லை. காம்பின் வழியாக நுண்ணிய இரத்தக் குழாய்கள் மட்டுமே இறங்குகின்றன. அந்தக் குழாய்களை வெட்டி, மீண்டும் வளராதபடி இடையில் தடுப்பு வைத்தால் இனப்பெருக்கம் நின்றுவிடுகிறது; வளர விட்டால் திரும்பி வருகிறது. ஆகவே மூளை ஏதோ ஒரு பொருளை அந்தக் குழாய்களில் கலந்து அனுப்புகிறது என்று ஹாரிஸ் வாதிட்டார்.

அந்தப் பொருள் கையில் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலியின் குழு பன்றிகளின் ஹைபோதலாமஸையும், ரோஜர் கியேமனின் குழு செம்மறிகளின் ஹைபோதலாமஸையும் லட்சக்கணக்கில் அறுப்புக்கூடங்களிலிருந்து சேகரித்து, போட்டி போட்டுக்கொண்டு பிரித்தெடுத்தன. 1971இல் அதன் அமைப்புத் தெரிய வந்தது: பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடு. இன்று அதை ஜி.என்.ஆர்.எச். என்கிறோம். 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும், ரோசலின் யாலோவுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. யாலோவின் பங்கு வேறு வகையானது என்றாலும், இந்தக் கதைக்கு அது இல்லாமல் தீராது. சில துளி இரத்தத்தில் இருக்கும் மிகச் சிறிய அளவு ஹார்மோனைக் கதிரியக்கத்தின் துணையுடன் அளக்கும் முறையை அவர்தான் சாலமன் பெர்சனோடு சேர்ந்து உருவாக்கினார். அதற்கு முன்பு ஹார்மோனை அளக்க நிறைய இரத்தம் வேண்டும். நாளுக்கு ஒருமுறை எடுப்பதே பெரிது. புதிய முறை வந்த பிறகுதான் ஒரே விலங்கிடமிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்க முடிந்தது. பார்த்தபோது, யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது.

அதைப் பார்த்தவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபிலும் அவருடைய குழுவினரும். சூலகம் நீக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளின் இரத்தத்தில் எல்.எச். ஒரே மட்டத்தில் இருக்கும் என்றுதான் எவரும் எண்ணியிருப்பார்கள். 1970இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: எல்.எச். சட்டென்று ஏறுகிறது, மெல்ல வடிகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஏறுகிறது, இரவும் பகலும் இப்படியே. பிட்யூட்டரி இப்படித் துடித்துத் துடித்துச் சுரக்கிறதென்றால், அதற்கு மேலிருந்து வரும் ஏவலும் துடித்துத்தான் வர வேண்டும். ஆனால் அந்தத் துடிப்பு உடலுக்குத் தேவையா, அல்லது சுரப்பிகளின் இயல்பான ஏற்றத்தாழ்வு மட்டும்தானா என்ற கேள்வி எஞ்சியது.

1978இல் அதே குழு அதற்கு விடை கண்டது. உட்சுரப்பியலில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை. குரங்குகளின் ஹைபோதலாமஸில், ஜி.என்.ஆர்.எச். வெளியீட்டுக்குப் பொறுப்பான பகுதியை அழித்தார்கள், எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. பிறகு ஜி.என்.ஆர்.எச்.சை வெளியிலிருந்து ஒரு பம்ப் மூலம் செலுத்தினார்கள். இடைவிடாமல் செலுத்தியபோது, அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தும், பிட்யூட்டரியின் சுரப்பு நிலைத்து நிற்கவில்லை. மணிக்கு ஒருமுறை, ஆறு நிமிடம் மட்டும், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் செலுத்தியபோது இரண்டு ஹார்மோன்களும் பழைய நிலைக்குத் திரும்பின. அப்படித் திரும்பிய குரங்குக்கு மறுபடி இடைவிடாமல் செலுத்தினார்கள், சுரப்பு சரிந்தது. மணிக்கொரு முறைக்கு மாற்றினார்கள், மீண்டும் எழுந்தது. பொருள் அதேதான், குழாயும் அதேதான். நேரம் மட்டுமே வேறு. அந்த விலங்குகளின் மூளையை அழித்துத்தான் இந்த அறிவு கிடைத்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. அக்காலத்தில் அமெரிக்க ஆய்வகங்களுக்குச் சென்ற ரீசஸ் குரங்குகளில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போனவை. 1978இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

பாம்பனிலும் கீழக்கரையிலும் இருக்கும் கலங்கரை விளக்கங்களை இரவில் கடலிலிருந்து பார்ப்பவர், எது எந்த விளக்கம் என்பதை அதன் பிரகாசத்தைக் கொண்டு அறிவதில்லை. எத்தனை நொடிக்கு ஒருமுறை ஒளிர்கிறது என்பதைக் கொண்டே அறிகிறார். விடாமல் எரியும் ஒளி அவருக்கு எதையும் சொல்லாது. பிட்யூட்டரிக்கும் ஜி.என்.ஆர்.எச்.சுக்கும் உள்ள உறவு அத்தகையது.

விடாமல் வரும் ஏவலைப் பிட்யூட்டரி ஏன் மதிப்பதில்லை என்பதற்குச் செல்லின் மட்டத்தில் காரணம் இருக்கிறது. பிட்யூட்டரிச் செல்லின் மேற்பரப்பில் ஜி.என்.ஆர்.எச். வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் உள்ளன. ஹார்மோன் பொருந்தியதும் அந்தச் செல் எல்.எச்.சை வெளிவிடுகிறது, கூடவே, பயன்படுத்தப்பட்ட ஏற்பிகளில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது, செய்தியைக் கடத்தும் உள்பாதையும் தளர்கிறது. ஜி.என்.ஆர்.எச். இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும் தன்மையுடையது. ஆகையால் இரண்டு துடிப்புகளுக்கு இடையே உண்மையான வெறுமை உண்டாகிறது. அந்த நேரத்தில் செல் ஏற்பிகளை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, அடுத்த ஏவலுக்குத் தயாராகிறது. இடைவெளி இல்லாவிட்டால் முதலில் சில நாட்கள் சுரப்பு கூடும், பிறகு ஏற்பிகள் குறைந்து செல் மரத்துப்போகும். இந்த இரு முகங்களையும் மருத்துவம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஹைபோதலாமஸ் அடங்கிப்போனதால் மாதவிலக்கு நின்றுவிட்ட பெண்களுக்கு, உடலில் அணியும் சிறு பம்ப் மூலம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.எச். கொடுத்துக் கருவுறச் செய்ய முடிகிறது. மிகச் சிறு வயதிலேயே பூப்பின் அடையாளங்கள் தோன்றும் குழந்தைகளுக்கும், புராஸ்டேட் புற்றுநோய் கண்ட ஆண்களுக்கும், அதே ஹார்மோனின் நீண்டநேரம் நிலைக்கும் வடிவத்தைக் கொடுத்துப் பிட்யூட்டரியின் இந்தச் சுரப்பையே அடக்குகிறார்கள். ஒரே மூலக்கூற்றின் வழியில் வந்த இரண்டு மருந்துகளில் ஒன்று கருவைத் தருவதும் மற்றொன்று இனப்பெருக்கத்தை முற்றாக அடக்குவதும், இடைவெளி என்ற ஒன்றினால் மட்டுமே.

இடைவெளி இருந்தால் போதாது, அதன் நீளமும் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் நோபிலின் குழு அடுத்த சில ஆண்டுகளில் காட்டியது. மணிக்கு மூன்று, ஐந்து என்று துடிப்புகளைக் கூட்டியபோது இரு ஹார்மோன்களும் குறைந்தன. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தளர்த்தியபோது எல்.எச். குறைந்தது, எஃப்.எஸ்.எச். கூடியது. இதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பிட்யூட்டரிக்கு ஒரே ஒரு ஏவல்பொருள்தான் வருகிறது, ஆனால் அது இரண்டு ஹார்மோன்களை வெவ்வேறு விகிதத்தில் சுரக்க வேண்டியிருக்கிறது. விரைந்த துடிப்பு எல்.எச்.சுக்கு, தளர்ந்த துடிப்பு எஃப்.எஸ்.எச்.சுக்கு என்று நேரத்தைக் கொண்டே அந்தப் பங்கீடு நடக்கிறது. 1980இல் வெளியான இன்னொரு சோதனையில், பூப்பெய்தாத குட்டிப் பெண் குரங்குகளுக்கு மணிக்கொரு முறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தியபோது, வளர்ந்த குரங்குகளைப் போல் அவற்றுக்கு மாதச் சுழற்சி தொடங்கியது. நிறுத்தியதும் மீண்டும் குட்டிப் பருவத்து நிலைக்கே சென்றன. சூலகமும் பிட்யூட்டரியும் முன்பே தயாராகத்தான் இருந்தன. மூளை துடிப்பைத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி செம்மறிக்கு வருகிறேன். ஜி.என்.ஆர்.எச். அந்தக் காம்பின் குழாய்களில் மட்டுமே அளக்கத்தக்க அளவில் இருக்கும். உடலின் பொது இரத்தத்தில் கலந்ததும் மிகவும் நீர்த்துப்போகும். ஆகவே எல்.எச்.சின் துடிப்பைக் கண்டு ஜி.என்.ஆர்.எச்.சின் துடிப்பை ஊகிக்கத்தான் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் இயன் கிளார்க்கும் ஜேம்ஸ் கம்மின்ஸும் விழித்திருக்கும் செம்மறியின் அந்தக் குழாய்களிலிருந்தே இரத்தம் சேகரிக்கும் முறையை உருவாக்கி, 1982இல் நேரடிச் சான்றைத் தந்தார்கள்: ஒவ்வோர் எல்.எச். துடிப்புக்கும் ஈடாக ஒரு ஜி.என்.ஆர்.எச். துடிப்பு இருந்தது. இந்தத் துறையின் அடிப்படைகளில் பாதிக்கு மேல் செம்மறியிடமிருந்து வந்தவை என்பேன். பெரிய உடல், அடிக்கடி இரத்தம் எடுத்தாலும் தாங்கும், மனிதரைக் கண்டு மிரளாமல் பழகும்.

செம்மறியின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாட்கள். வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் 21 நாட்கள். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும் நாட்களில், அந்தப் புரோஜெஸ்டிரோன் மூளையை அடக்கிவைக்கிறது. துடிப்பு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகத் தளர்கிறது. சினை பிடிக்கவில்லையென்றால் அந்தத் திசு கரைந்துபோகிறது, புரோஜெஸ்டிரோன் சரிகிறது, துடிப்பு மணிக்கொன்றாகவும் அதைவிட விரைவாகவும் மாறுகிறது. விரைந்த துடிப்பால் வளரும் நுண்பை மேலும் மேலும் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, அந்த ஈஸ்ட்ரோஜன் ஓர் எல்லையைத் தாண்டியதும் மூளை தன் முறையையே மாற்றிக்கொள்கிறது: தனித்தனித் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, பல மணி நேரம் ஓயாத பெருக்காக ஜி.என்.ஆர்.எச். கொட்டுகிறது. அதற்கு ஈடாக எல்.எச். பொங்கி எழுந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் முட்டை வெளியேறுகிறது. விடாமல் வருவது பிட்யூட்டரியை மரத்துப்போகச் செய்யும் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பெருக்கு நாட்கணக்கில் நீடிப்பதில்லை, சில மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. கிடா பெட்டையை முகர்ந்து பின்தொடர்வதும் பெட்டை அசையாமல் நின்று ஏற்பதும் இந்த நேரத்தையொட்டித்தான். சினைக்கு நிற்காத பசுவுக்குக் கருவூட்டலின்போது கால்நடை மருத்துவமனையில் போடும் ஜி.என்.ஆர்.எச். ஊசி, இந்தக் கடைசிப் பெருக்கைச் செயற்கையாக எழுப்புவதற்கானது.

துடிப்பை உண்டாக்குவது எது என்பது நெடுங்காலம் விளங்காமலேயே இருந்தது. ஜி.என்.ஆர்.எச்.சைச் சுரக்கும் நரம்புச் செல்கள் பாலூட்டிகளின் மூளையில் சில ஆயிரத்துக்கும் குறைவு. அவையும் ஓரிடத்தில் குவிந்திராமல் சிதறிக் கிடக்கின்றன. சிதறிக் கிடப்பவை எப்படி ஒரே நொடியில் ஒன்றாகச் சுரக்கின்றன? வழி காட்டியது கிஸ்பெப்டின் என்னும் பெப்டைடு. 1996இல் அதை உருவாக்கும் மரபணு, புற்றுநோய்ப் பரவலைத் தடுப்பதாகக் கண்டறியப்பட்டபோது, அதற்கும் இனப்பெருக்கத்துக்கும் தொடர்பிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 2003இல், பூப்பே எய்தாத சில குடும்பத்தினரிடம் கிஸ்பெப்டினின் ஏற்பி பழுதுபட்டிருப்பதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. பிறகு 2007இல், செம்மறியின் ஹைபோதலாமஸில் ஒரே செல்லுக்குள் கிஸ்பெப்டின், நியூரோகினின் பி, டைனார்பின் என்ற மூன்று பொருள்களும் சேர்ந்திருப்பது தெரிய வந்தது. இச்செல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. நியூரோகினின் பி ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்குப் பரவி அவையனைத்தையும் ஒன்றாக எழுப்புகிறது; எழுந்தவை கிஸ்பெப்டினை வெளியிட்டு ஜி.என்.ஆர்.எச். செல்களை ஏவுகின்றன, டைனார்பின் பின்னாலேயே வந்து அனைத்தையும் அடக்குகிறது, அடங்கியவை மீண்டும் எழும் வரைக்கும் உள்ள நேரமே அந்த இடைவெளி. 2017இல் சுண்டெலிகளில் இச்செல்களின் செயல்பாட்டை உயிரோடிருக்கும் விலங்கிலேயே பதிவு செய்து, அவை எழும் ஒவ்வொரு முறையும் எல்.எச். துடிப்பு ஒன்று தொடர்வதை உறுதிப்படுத்தினார்கள்.

என் தாய்மாமனின் கிடைக்கு இதனால் என்ன என்ற கேள்விக்கு இங்கேதான் விடை தொடங்குகிறது. வெளியுலகத்தைப் பற்றிய செய்திகளெல்லாம், அதாவது வெளிச்சம், தீவனம், பால் குடிக்கும் குட்டி, அச்சம், மணம் ஆகிய அனைத்தும், சுற்றிச் சுற்றி வந்து இந்தச் செல்களையும் இவற்றுக்கு அண்டையிலுள்ளவற்றையும் தொட்டு, இடைவெளியை நீட்டவோ குறுக்கவோ செய்கின்றன. அவற்றில் வெளிச்சத்தைப் பற்றித்தான் உலகில் அதிகம் எழுதியிருக்கிறார்கள். குளிர்நாட்டுச் செம்மறிகள் இலையுதிர் காலத்தில் பகல் குறையும்போது பருவத்துக்கு வந்து, ஐந்து மாதச் சினைக்குப் பிறகு வசந்தத்தில் குட்டி ஈனுகின்றன. இருளின் நீளத்தை, இரவில் மட்டும் சுரக்கும் மெலட்டோனின் என்னும் ஹார்மோன் மூளைக்குச் சொல்கிறது. கோடையில் அந்த ஆடுகளின் மூளை, சிறிதளவு ஈஸ்ட்ரோஜனைக் கண்டாலே துடிப்பை அடக்கிக்கொள்ளும் நிலைக்கு மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் பருவம் இல்லை. ஆனால் நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகையளவில்தான் இருக்கிறது; ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. அயர்லாந்தில் அது ஒன்பது மணி நேரத்தை எட்டும். ஆகையால் இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் என்னும் நம் செம்மறி இனங்கள் வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல; ஆண்டின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடியவை. பாடநூல்களில் வெளிச்சத்துக்குத் தரப்படும் முதலிடத்தை இந்தக் கடலோரத்தில் தீவனத்துக்குத்தான் தர வேண்டும்.

பசியும் துடிப்பும் எப்படி இணைகின்றன என்பதை அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபாஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் பெண் செம்மறிக் குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். வளர்ச்சியைத் தடுக்குமளவு குறைந்த தீவனத்தில் வைக்கப்பட்ட குட்டிகள் உயிரோடும் நலமாகவும் இருந்தன, ஆனால் வயது வந்தும் பருவத்துக்கு வரவில்லை, எல்.எச். துடிப்பு மிக அரிதாகவே இருந்தது. வயிறாரத் தீவனம் கொடுத்ததும் துடிப்பு விரைந்தது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: இத்தகைய பசித்த ஆட்டுக்கு வெளியிலிருந்து மணிக்கொரு முறை ஜி.என்.ஆர்.எச். கொடுத்தால் அதன் பிட்யூட்டரி எல்.எச்.சை வெளியிடுகிறது. ஆகவே பிட்யூட்டரி கெடவில்லை. உடல் கொழுப்பைப் பற்றிச் சொல்லும் லெப்டின், இரத்தச் சர்க்கரை போன்ற அறிகுறிகளைக் கொண்டு, இந்த உடல் ஐந்து மாதம் சினையைச் சுமந்து பிறகு பாலும் கொடுக்கத் தாங்காது என்று மூளை கணித்து, இடைவெளியை நீட்டிவைத்திருக்கிறது. மேய்ச்சல் திரும்பினால் அது குறுகும். இப்படிப்பட்ட ஆட்டை மலடு என்று விற்பது, விற்பவருக்கு நட்டம், ஆட்டுக்கும் அநீதி.

இந்தச் செய்தியை ஆடு வளர்ப்பவர்கள் வேறு வழியில் அறிந்தே இருக்கிறார்கள். நான் பம்பையும் குரங்கையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாப்ள, உடை நெத்து விழுந்து ஆடு ரெண்டு வாரம் வயித்துக்குத் தின்னா, கிடாவத் தேடி அதுவே போகும்” என்றார். கிடா சேர்க்கும் முன்பு சில வாரங்கள் தீவனத்தைக் கூட்டுவது உலகெங்கும் உள்ள நடைமுறை. அதனால் வெளியேறும் முட்டைகளின் எண்ணிக்கை கூடி, இரட்டைக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பும் ஏறுகிறது. நம்மிடம் அடர்தீவனம் வாங்கிப் போட எல்லோராலும் முடியாது. சீமைக்கருவேல நெற்றும், உடைமர நெற்றும், தை அறுவடைக்குப் பிந்தைய தாளடி மேய்ச்சலும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் வலசை போகும் கீதாரிகளும் அந்த மேய்ச்சலைத் தேடித்தான் போகிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குட்டி மடியில் முட்டிப் பால் குடிக்கும் காலத்தில் தாயின் துடிப்பு அடங்கியிருப்பது உண்டு. மெலிந்த தாய்க்கு இது இன்னும் நீளும். நாய்கள் பாய்ந்து மந்தையைச் சிதறடித்தாலோ, வண்டியில் நெருக்கி ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோனாலோ, எழும் கார்ட்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் துடிப்பையும் பிட்யூட்டரியின் ஏற்புத்திறனையும் குறைக்கிறது.

மீன்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் மண்டபத்தில் அதற்கான வேலை நடந்திருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் 2010இல், இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விராலை வளர்ப்பிடத்தில் முட்டையிடச் செய்து குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள்; அடுத்த ஆண்டு வெள்ளிப் பாம்பனோ மீனிலும் வெற்றி கண்டார்கள். அடைபட்ட பல கடல்மீன்களில் முட்டைகள் முற்றும் அளவுக்கு வளர்ந்துவிடும், ஆனால் இறுதி முதிர்ச்சிக்கும் வெளியேற்றத்துக்கும் வேண்டிய எல்.எச். பிட்யூட்டரியிலிருந்து வெளியே வராது. ஆகவே எல்.எச்.சைப் போல வேலை செய்யும் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, மூளையையும் பிட்யூட்டரியையும் தாண்டிச் சூலகத்துக்கே ஏவல் கொடுத்தார்கள். எலும்பு மீன்களின் அமைப்பே வேறு: ஹாரிஸ் பாலூட்டிகளில் கண்ட இரத்தக் குழாய்ப் பாதை அவற்றுக்கு இல்லை, ஜி.என்.ஆர்.எச். நரம்புகள் நேராகப் பிட்யூட்டரிக்குள்ளேயே நுழைகின்றன. பல மீன்களில், மெல்லக் கசியும் ஜி.என்.ஆர்.எச். வில்லையை உடலில் வைத்தால் எல்.எச். நாட்கணக்கில் உயர்ந்து நின்று முட்டை வெளியேறுகிறது. குரங்கிலும் ஆட்டிலும் அதே செயல் சுரப்பை முடக்கியிருக்கும். இடைவெளியைப் பற்றிய சட்டத்தைப் பாலூட்டிகளிலிருந்து எடுத்து அப்படியே எல்லா உயிர்களுக்கும் பொருத்துவது சரியாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கடைசியாகக் கிடாவைப் பற்றி. பருவத்துக்கு வராமல் நிற்கும் பெட்டைகளிடம், சில வாரங்கள் அவற்றின் கண்ணிலும் மூக்கிலும் படாமல் வைத்திருந்த கிடாவைக் கொண்டுவந்து விட்டால், சில நிமிடங்களுக்குள் பெட்டைகளின் எல்.எச். துடிப்பு விரைகிறது. கலவி தேவையில்லை, மணமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. வெள்ளாட்டில் அந்த மணத்தின் மூலப்பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தார்கள். கிடாவின் தலையில் தொப்பி போன்ற ஒன்றைப் பொருத்தி, முடியிலிருந்து எழும் ஆவியைச் சேகரித்து, அதிலிருந்து 4-எத்தில்ஆக்டனால் என்னும் சேர்மத்தைப் பிரித்தார்கள். அதை முகர்ந்த பெட்டையின் மூளையில், துடிப்பை உண்டாக்கும் அந்தச் செல்களின் மின்செயல்பாடு உடனே எழுந்தது. காயடித்த கிடாவிடம் அந்தச் சேர்மம் இல்லை. பொலிகிடாவின் மொச்சை நாற்றம் என்று நாம் முகம் சுளிப்பதற்குக் காரணமான அமிலம், இதே சேர்மம் காற்றில் மாறுவதால் உண்டாவதுதான்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கிடா ஆண்டு முழுவதும் மந்தையோடேயே திரிகிறது. எப்போதும் இருக்கும் மணத்தில் புதுமை இல்லை, அந்தத் திடீர் எழுச்சியும் கிடைப்பதில்லை. ஆகவே நான் மாமாவிடம் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: மழைக்குப் பின் மேய்ச்சல் தேறும் வரை கிடாவை வேறு கிடைக்குக் கொடுத்து வைக்க வேண்டும், பெட்டைகள் சதைப்பிடிப்பு ஏறிய பிறகு திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், விட்ட முதல் வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று கிடாவை மாற்றிவிடக் கூடாது. கிடாவைக் கண்ட இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியேறிவிடும் என்றாலும், அதற்கு முன்பு புரோஜெஸ்டிரோன் படியாத மூளை பருவ அறிகுறியைக் காட்டாது. அந்த முதல் முறை ஓசையில்லாமல் கழிந்துவிடும். வெளிநாட்டு மந்தைகளில் கண்ட கணக்குப்படி, பெட்டைகள் கிடாவுக்கு நிற்பது 18ஆம் நாளையொட்டி ஒரு கூட்டமும், முதல் சுழற்சி குறுகிப்போனவை 24ஆம் நாளையொட்டி இன்னொரு கூட்டமுமாக இருக்கும். அந்த நாட்களைக் கிடைக் கொட்டிலின் பலகையில் கரியால் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை எந்தப் பெட்டையையும் வியாபாரியிடம் காட்டுவதில்லை என்று மாமாவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.